பதின்மூன்று துளைகளும் ஒரு திருகாணியும்

என் மேசை இழுப்பறையில் ஒரு ரொட்டி இருக்கிறது. சுட்டுப் பதினெட்டு வருடங்களுக்கு மேலாகிறது. விரித்த இரண்டு உள்ளங்கைகளின் அகலம்; வட்டமில்லை, ஓரம் மழுங்கிய நீள்சதுரம். எலி தொட்டதில்லை, பூஞ்சணம் அண்டியதில்லை. மேசை விளிம்பில் தட்டினால் ஓட்டாஞ்சில்லின் ஓசை. ஓரங்களைச் சுற்றிப் பதின்மூன்று சிறு துளைகள். பதினான்காவது துளை இருக்கவேண்டிய கீழ்மூலையில் மட்டும் ஒரு திருகாணி, மாவோடு சேர்ந்து வெந்து, தலை மட்டும் தெரிய, ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வீடு மாறும் ஒவ்வொரு முறையும் மனைவி அதைக் குப்பைக் கூடைக்கு அனுப்பப் பார்க்கிறாள். ஒவ்வொரு முறையும் நான் அதை என் தோள்பையில் வைத்து நானே சுமந்து வருகிறேன். சிலருக்குச் சான்றிதழ்கள் இருக்கின்றன. எனக்கு ரொட்டி.

சுட்டவர் என் மதினி. அண்ணனின் மனைவி. என்னைவிட இரண்டு வயது இளையவர், ஆனால் உறவு வயதைக் கேட்டா வருகிறது? நான் 'மதினி, வாங்க' என்பேன். அவர் 'தம்பி' என்பார், கிண்டல் மிஞ்சினால் 'வாத்தியாரே' என்பார். கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் கொழும்புப் பக்கம் வேலை செய்தவர். கொழும்புப் பக்கம் வேலை செய்த பெண் என்றால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரே அர்த்தம்தான்: கார்மெண்ட், சட்டை தைக்கும் தொழிற்சாலை. அதற்கு மேல் எவரும் கேட்கமாட்டார்கள்; கேட்காமலே நிறையச் சொல்வார்கள். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அவருக்கு 'கார்மெண்ட்டுக்காரி' என்றே பெயர். அவர் மறுத்து நான் கேட்டதில்லை. காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போவார், கங்காணி சொன்ன மலையில் கூடையை மாட்டிக்கொண்டு ஏறுவார், கொழுந்தெடுக்கிற நிரையில் முதல் ஆளாகக் கூடையை நிரப்பிவிட்டு, பேசுகிறவர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பார்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. லிந்துலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் அப்போது ஆசிரியன். எங்கள் பாடசாலைக்கு, நான் எழுதிய பதினொரு கடிதங்களின் பலனாக, எங்கோ ஒரு வெளிநாட்டில் யாரோ பாவித்து முடித்த கணினி ஒன்று வந்து சேர்ந்திருந்தது. பெட்டி ஒரு பக்கம், திரை ஒரு பக்கம் என்று இருக்கும் கணினிகளைத்தான் புத்தகத்தில் காட்டியிருந்தேன். இது அப்படியில்லை. திரையின் முதுகுக்குள்ளேயே எல்லாம் அடக்கம். மூளையும் குடலும் மூச்சும் ஒரே கூட்டில். மேசையில் தூக்கி வைத்ததும் பிள்ளைகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். "மத்ததெல்லாம் எப்ப சேர் வரும்?" என்று கேட்டாள் ஒருத்தி. அவளேதான் பிறகு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தன் அப்பாவின் பெயரைத் தட்டிவிட்டு, திரையில் நின்ற அந்தப் பெயரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பெரட்டில் யாரும் அத்தனை அழகாகக் கூப்பிட்டிருக்கமாட்டார்கள்.

அந்தத் தை மாதத்துக் குளிர் சாதாரணக் குளிரில்லை. விடிகாலைப் புல் வெள்ளையாக நொறுங்கியது. எங்கள் அதிபர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உரிய தவறு ஒன்றைச் செய்தார். "மனுசனுக்கே இப்படி வெறைக்குது, மெசினுக்கு வெறைக்காதா?" என்று, கொழுந்தெடுக்கிறவர்கள் மழைக்குப் போர்த்தும் கம்பளி ஒன்றைக் கொண்டுவந்து கணினிக்குச் சுற்றிவிட்டார். முகம் மட்டும் வெளியே. கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை, எனக்கும்தான். எங்கள் மலையில் பிறந்த பிள்ளைக்கு என்ன செய்வோமோ அதைத்தான் அதற்கும் செய்தோம். மூன்று வாரம் அது கம்பளிக்குள் இருந்தபடி ஓடியது. ஒரு வியாழக்கிழமை, கூட்டல் கணக்கொன்றின் நடுவில், திரை இரண்டு முறை இமைத்தது, பிறகு இமைக்கவில்லை.

டவுனில் ஒரு கடைக்காரர் பத்து நாள் வைத்திருந்து, திறந்து பார்த்து, மூடி, கடிதத்தோடு திருப்பி அனுப்பினார்: எல்லாம் ஒன்றாய் இருக்கிற இனம், திருத்த இயலாது. அந்தக் கடிதம் வலயக் கல்விக் காரியாலயத்துக்குப் போனது. அங்கிருந்து பதில் உடனே வந்தது. திங்கட்கிழமை அதிகாரி ஒருவர் லொறியோடு வருவார். ஓடினால் கணினி எங்களுக்கு, ஓடாவிட்டால் நகரத்துப் பாடசாலை ஒன்றுக்கு உதிரிப்பாகமாகப் போகும். போனால் போனதுதான். பன்னிரண்டாவது கடிதம் எழுத எனக்கு முகம் இருந்திருக்காது.

வெள்ளிக்கிழமை மாலை எங்கள் லயத்து வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். மதினி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். தலை நிமிராமலே கேட்டார்: "செத்தப்ப என்னா மணம் வந்துச்சு தம்பி?"

கடைக்காரர் கேட்காத கேள்வி. அதிபர் கேட்காத கேள்வி. "மீன் கழுவுன தண்ணி மாதிரி" என்றேன்.

"அப்ப உசுரு இருக்கு. ரப்பர் மணம்னா பயப்படலாம்." மாவை உருட்டி வைத்தார். "நாளைக்கு நான் பெரட்டுக்குப் போகல. பள்ளிக்கூடத்துச் சாவிய வாங்கி வைங்க."

அப்போதுதான் தெரிந்தது. ஆறு வருடமும் மதினி ஒரு சட்டையும் தைக்கவில்லை. பச்சைப் பலகைகளில் கடுகளவு பாகங்களை ஈயத்தால் ஒட்டுகிற தொழிற்சாலையில், பூதக்கண்ணாடி விளக்கின் கீழ், பழுதான பலகைகளைத் திருத்துகிற மேசையில் இருந்திருக்கிறார். "ஏன் மதினி ஒருநாளும் சொல்லல?" என்றேன். மாவுக்கையை உதறிக்கொண்டே சொன்னார்: "யாரு கேட்டீங்க?"

சனிக்கிழமை காலை வகுப்பறை வாசலிலேயே எங்களை நிறுத்தினார். "ஸ்வெட்டரக் கழட்டிட்டு உள்ள வாங்க." கம்பளி நூல் உரசினால் கண்ணுக்குத் தெரியாத பொறி பிறக்கும், அந்தப் பொறி ஒன்று போதும் சிப்பைக் கொல்ல, என்றார். அதிபர் முப்பது வருட உத்தியோகத்தில் முதல்முறையாகக் குரங்குத் தொப்பியும் ஸ்வெட்டரும் இல்லாமல் தன் பாடசாலைக்குள் நடுங்கிக்கொண்டு நுழைந்தார். மதினி தன் மணிக்கட்டில் செப்புக் கம்பியைச் சுற்றி, பொறி மண்ணுக்குள் இறங்கட்டும் என்று மறுமுனையைத் தண்ணீர்க் குழாயில் கட்டினார். பிறகு பையிலிருந்து ஒரு மாவுருண்டையை எடுத்தார். அதிபர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். தகரத் தட்டில் மாவைக் கணினியின் முதுகைப்போல நீள்சதுரமாகத் தட்டினார். ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி, முதுகில் எந்த இடமோ மாவிலும் அதே இடத்தில் குத்தி நிறுத்தினார். பதினான்கு. "கம்பெனியில இதுக்குன்னே காந்தத்தட்டு குடுப்பாங்க. நம்மகிட்ட மாவு இருக்கு."

முதுகைத் திறந்தபோது உள்ளே ஒரு செம்மறி ஆடு படுத்திருந்தது. அப்படித்தான் தோன்றியது. மூச்சுவிடும் விசிறியின் இதழ்களுக்குள் மூன்று வாரக் கம்பளி நூல், திரிதிரியாக. இடுப்பில் செருகியிருந்த முள்ளுவாங்கியை எடுத்து, தேயிலை மலையில் கால்முள் பிடுங்குகிற அதே நுணுக்கத்தோடு, மதினி அதைப் பிடுங்கினார். அதிபர் தலைகுனிந்து நின்றார். "குளிருக்குப் போத்துனீங்க சேர், அது காய்ச்சலுக்குப் போத்துன மாதிரி ஆயிருச்சு" என்றார் மதினி, கோபமில்லாமல். வெப்பம் போக வழியில்லாமல் பலகையிலிருந்த சிறு உருளைகள் ஐந்தின் தலை வீங்கி, ஒன்றின் உச்சி வெடித்துப் பழுப்பு நீர் கசிந்திருந்தது. மின்சாரத்தைத் தேக்கி அளந்து கொடுக்கிற உருளைகள். "இந்த அஞ்சும்தான். மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

இன்னொன்றையும் அவர்தான் கண்டார். பதின்மூன்று திருகாணிகள் பயறு உயரம். கீழ்மூலைத் திருகாணி மட்டும் நெல் நீளம். அதன் நுனி பலகையில் கீறிய தடம் வெள்ளிக்கோடாக மின்னியது. "இது மத்ததோட கூடப்பொறப்பு இல்ல. கடைக்காரரு அதோடத தொலைச்சுட்டு, கைக்கு வந்தத போட்டிருக்காங்க. இத மட்டும் திருப்பிப் போடக்கூடாது. போட்டா பலகையில முட்டும், கரண்டு வழிமாறும்." அந்த நெட்டையை மாவின் மூலையிலேயே விட்டார்.

அன்று மத்தியானம் ஹட்டனுக்கு பஸ் ஏறினேன். வாங்கவேண்டியது ஐந்து உருளை, எண் மாறாமல். சிப்புக்கும் உலோகத்துக்கும் இடையில் பூசும் பசை. கூடவே ஒரு நினைவுத்தகடு. "தொறந்தது தொறந்தாச்சு, அதோட ஞாபகத்தையும் கூட்டி விட்டுருவோம். பிள்ளைக தட்டுன எழுத்து ஆடி அசைஞ்சுல்ல வருது" என்றிருந்தார். ஹட்டன் கடைக்காரர் சாண் நீளத்துக்கு ஒன்றை எடுத்து வைத்து, மேசைக் கணினிக்கு இதுதான் என்றார். நான் என் சுட்டுவிரலைக் கண்ணாடி மேல் நீட்டினேன். இந்த நீளத்துக்கு மேல் எது கொடுத்தாலும் வாங்காதீங்க என்று மதினி அளந்து அனுப்பிய விரல் அது. "அது மடிக்கணினிக்குள்ளது மாஸ்டர்" என்று அவர் சிரித்தார். விரலை எடுக்கவில்லை நான். விரல் நீளத்தில் ஒன்று வந்தது.

திரும்பும் வழியில் சோதனைச்சாவடி. தமிழ்ப் பெடியன் ஒருவனின் பையில் பெயர் தெரியாத உருளைகள் இருப்பது யுத்தம் நடந்த அந்த வருடங்களில் சின்ன விஷயமில்லை. "மொகக்த மே?" என்றான் சிப்பாய், இது என்னவென்று, ஒன்றைக் காதருகே வைத்துக் குலுக்கியபடி. "இஸ்கோலே கொம்பியூட்டர் எகட்ட, மாத்தயா" என்றேன். பாடசாலைக் கணினிக்கு என்று. அவன் என் முகத்தையும் உருளையையும் மாறிமாறிப் பார்த்தான். "ஹரி, யன்ன." போகச் சொல்லிவிட்டான். வட்டகொடைப் பக்கத்திலிருந்து ரயிலின் கூவல் மலை ஏறி வந்தது. அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை அதோடு விட்டேன்.

ஞாயிறு காலை. தேயிலை ஃபெக்டரி மின்சாரக்காரர் கொடுத்த, ஈயம் உருக்கும் ஈயக்கோல் தடித்த மூக்கோடு இருந்தது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி தீட்டும் கல்லில் மதினி அதன் மூக்கை உரசி உரசி ஊசியாக்கினார். பிறகு குனிந்தார். பிறகு நாங்கள் யாரும் இல்லை அங்கே. மலை இல்லை, பாடசாலை இல்லை. கொழுந்தைத் தண்டு நோகாமல் ஒடிக்கிற அந்த விரல்கள், வீங்கிய உருளைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, புதியதை நிறுத்தி, வெள்ளைக்கோடு எந்தப் பக்கம் என்று இரண்டு தரம் பார்த்து, ஒரு சொட்டு ஈயம், ஒரு கீற்றுப் புகை. ஐந்து தரம். பழைய பசையைத் துடைத்து அரிசியளவு புதுப்பசை. கடைசியாக நினைவுத்தகட்டைச் சரித்துச் செருகி, பெருவிரலால் அழுத்தினார். 'டிக்' என்று ஒரு சத்தம். அத்தனை சின்னச் சத்தம் ஒரு மனிதனின் முதுகெலும்பை நிமிர்த்தும் என்று நான் அன்று அறிந்தேன். பதின்மூன்று திருகாணிகளும் மாவை விட்டுத் தம் வீடு சேர்ந்தன. பொத்தானை அழுத்தினார். விசிறி முனகியது, திரை வெளுத்தது, நீலம் வந்தது. முன்பு வெற்றிலை போட்டுத் துப்பும் நேரம் எடுத்தது இப்போது இமைக்கும் முன் வந்து நின்றது. அதிபர் கைதட்டினார், குளிருக்குத் தட்டுகிறாரா சந்தோஷத்துக்குத் தட்டுகிறாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

இத்தோடு முடிந்திருந்தால் இந்த ரொட்டியில் பதினான்கு துளைகள் இருந்திருக்கும்.

மதினி வீட்டுக்குப் போன பிறகு, கதவு பூட்டப் போனவன், மாவின் மூலையில் தனியாக நின்ற அந்த நெட்டையைப் பார்த்தேன். கணினியின் முதுகில் ஒரு துளை காலியாகக் கறுத்துக் கிடந்தது. நான் வாத்தியார். இடைவெளி நிரப்புக என்று பிள்ளைகளுக்குப் போட்டுப் போட்டு வளர்ந்த கை. அதிகாரி வந்து, ஓர் ஆணி எங்கே என்று கேட்டால்? அரசாங்கச் சாமான் குறைவாக இருக்கிறதே என்று எழுதிவிட்டால்? மதினி சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் காலித் துளை கண்ணில் இருந்தது. கண் ஜெயித்தது. இறுக்கித் திருகிவிட்டு, ஒழுங்கான மனிதனாக வீட்டுக்கு வந்து தூங்கினேன்.

திங்கள் காலை லொறி முதலில் வந்தது, அதன் பின் அதிகாரி. யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் குளிரைத் தனக்கு எதிரான சதியாகவே கருதியவர், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர். நான் பெருமையோடு பொத்தானை அழுத்தினேன். ஒன்றுமில்லை. மறுபடி. ஒன்றுமில்லை. பிள்ளைகள் ஜன்னல் கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"மாஸ்டர், நான் என்ன செய்யிறது?" என்றார் அதிகாரி, மெய்யான வருத்தத்தோடு. "உது இனித் திருத்தேலாது எண்டு கடைக்காரன் எழுத்திலை தந்திட்டான். லொறியும் வந்து நிக்குது."

"அரைமணி நேரம் குடுங்க சேர்" என்றேன். பதிலுக்கு நிற்கவில்லை. மதினி நின்ற ஆறாம் நம்பர் மலைக்கு அந்தச் செங்குத்துப் பாதையில் நான் ஓடிய ஓட்டத்தை இன்றும் முழங்கால் மறக்கவில்லை. நிரையின் கடைசித் தொங்கலில் நின்ற கங்காணி நான் மூச்சிரைக்கச் சொன்னதைக் கேட்டதும் மலை கேட்கக் கூவினார்: "ஏம்மா கார்மெண்ட்டு! பள்ளிக்கூடத்துப் பொட்டிக்கு நோவு கண்டுருச்சாம், மருத்துவச்சி வேணுமாம்!" நிரை முழுதும் சிரித்தது. மதினி சிரிக்கவில்லை. கூடையை இறக்கவுமில்லை. கொழுந்தோடு இறங்கினார்.

இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் கூடைக்கயிறு, காலில் அட்டை கடித்த இரத்தம். அந்தக் கோலத்தில் வாசலில் நின்று கூடையை இறக்கி, ஸ்வெட்டரைக் கழற்றி அதன்மேல் போட்டார். "சேர் கோவிச்சுக்காதீங்க. கிட்ட நிக்கிறதுன்னா ஸ்வெட்டரக் கழட்டுங்க." அதிகாரி அதிபரைப் பார்த்தார். அதிபர் ஏற்கெனவே கழற்றிக்கொண்டிருந்தார். இரண்டு ஸ்வெட்டரும் ஒவ்வொன்றாக இறங்கின.

மதினி கணினியைத் திருப்பினார். மூலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை முடிய ஒரு வருடம் எடுத்தது. ஆனால் அவர் சொன்னது, "கொஞ்சம் முட்டிக்கிட்டு நிக்குது சேர், இந்தா வந்துரும்" என்பது மட்டும்தான். மின்கம்பியைப் பிடுங்கி, பொத்தானை அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்து, அந்த நெட்டையைத் திருகி எடுத்து, என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மூடிவிட்டார். கம்பியைச் செருகினார். அழுத்தினார்.

விசிறி முனகியது. திரை வெளுத்தது. நீலம் வந்தது. ஜன்னலில் தொங்கிய அத்தனை வாய்களும் ஒன்றாகத் திறந்து எழுப்பிய கூச்சலில் லொறிச் சாரதி இறங்கி ஓடிவந்தார்.

"நான்தான் சேர் அந்த ஆணியப் போட்டேன்" என்றேன். அந்தச் சத்தத்தில் சொல்வது சுலபமாக இருந்தது.

"ஏன் மாஸ்டர்?"

"ஓட்டை காலியா இருந்துச்சு சேர்."

அதிகாரி சிரித்தாரா, குளிரில் பல் கிட்டியதா தெரியாது. மதினி பக்கம் திரும்பினார். "பிள்ளை, உதெல்லாம் எங்கை பழகினனீங்கள்?" மதினி சொன்னார். தொழிற்சாலையை, பலகையை, திருத்துகிற மேசையை, ஆறு வருடத்தை. யாரோ ஒருவர் முதல்முறையாகக் கேட்டதற்கு, நிமிர்ந்து நின்று, ஒன்றும் குறைக்காமல் சொன்னார். அதிகாரி படிவத்தை எடுத்தார். இயங்குகிறது என்று எழுதினார். திருத்தியவர் பெயர் எழுதினார். பதவி என்ற கட்டத்தில் பேனா நின்றது. "டெக்னீசியன்னு போட்டுக்கங்க சேர்" என்றார் அதிபர், பாசத்தோடு.

"பொய்யி எதுக்கு சேர்?" என்றார் மதினி. "கொழுந்து எடுக்கிறவள்னு போடுங்க. கடைக்காரருக்கும் ஒரு கொப்பி அனுப்புங்க."

அப்படியே எழுதினார் அவர். 'கொழுந்து பறிக்கும் தொழிலாளி.' லொறி வெறுமையாக இறங்கியது. தேயிலைக்கு நடுவே அது குலுங்கிக் குலுங்கிப் போன சத்தத்தைப்போல ஒரு தவில் எந்தத் திருவிழாவிலும் நான் கேட்டதில்லை. மதினி கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குத் திரும்பினார். கங்காணி அதற்குப் பிறகு அவரைக் 'கார்மெண்ட்டு' என்று கூப்பிடவில்லை. கங்காணி வீட்டு ரேடியோ ஊமையாகிக் கிடந்தது. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அன்று மாலை சாப்பிட உட்கார்ந்தேன். மதினி தட்டை வைத்தார். ஓரத்தில் உறைக்கும் கட்டச்சம்பல், நடுவில் அதே மாவில் ஒரு நீள்சதுர ரொட்டி, கல்லாய்க் காயச் சுட்டது, பதின்மூன்று துளை, மூலையில், நான் வீட்டுக்கு வந்ததும் அவரிடம் திருப்பிக் கொடுத்த அந்த நெட்டைத் திருகாணி. "சாப்பிடுங்க வாத்தியாரே" என்றார். அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

போன மாதம் என் கணினி செத்தது. இதுவும் எல்லாம் ஒன்றான இனம்தான், ஆனால் புதியது. அப்பளம்போல மெல்லியது, முதுகில் ஒரு திருகாணியும் வெளியே தெரியாமல் பசையால் ஒட்டி மூடியது. தலவாக்கலையில், பஸ் நிலையத்துக்கு மேலே, படியேறிப் போகும் ஓர் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சுற்றுவட்டாரப் பாடசாலைகளின் கணினிகள் சுவரோரம் வரிசையாக முதுகைக் காட்டி நிற்கும் அறை. மதினி சூடுகாற்று ஊதி ஓரத்துப் பசையை இளக்கினார். காந்தத்தட்டு இரண்டு வாங்கி வைத்திருக்கிறார். மேசையில் இருந்ததென்னவோ தகரத் தட்டும் மாவும்தான்.

"அந்த ரொட்டி இன்னமும் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு மதினி. இழுப்பறையில."

"இதுல நீங்க ஏதும் ஸ்குரு போட்டிருக்கீங்களா?"

"ஓட்டையே இல்லையே மதினி, எங்க போடுறது?"

"நல்ல வேளை" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "கழட்டுங்க வாத்தியாரே."

ஸ்வெட்டரைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டினேன். ஜன்னலுக்கு வெளியே மூட்டம் மலையை விழுங்கிக்கொண்டிருந்தது. நாற்பத்தாறு வயதில், தலவாக்கலைக் குளிரில், ஒற்றைச் சட்டையோடு, பல் கிட்ட நின்றுகொண்டு, மதினி உள்ளேயிருந்து எடுத்த முதல் திருகாணியை மாவில் குத்தி நிறுத்துவதைப் பார்த்தேன். அத்தனை சந்தோஷமாக எவரும் நடுங்கியிருக்கமாட்டார்கள்.